மெல்லிசு ஸ்பேனர் ஒரு ஜோடி

புதுக்கோட்டை
12-10-1953

அன்புள்ள சோலையப்பன் மாமாவுக்கு அமிர்தவல்லி வணங்கி எழுதுவது.

மாமா, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். செவந்தி அத்தையிடம்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். நான் எழுதினேன் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார். எட்டாம் வகுப்பே எதற்கு என்று ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்கள் விலாசம் ஆத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. போன வருஷம் நீங்கள் போட்ட கார்டைச் சேலை மடிப்புக்குள் வைத்திருக்கிறாள். எல்லோரும் தூங்கியபின் சிம்னி விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். பக்கத்தில் சரித்திர நோட்டு இருக்கிறது. யாராவது எழுந்தால் இதன்மேல் கவிழ்த்துவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. நீங்கள் போனபோது தவழ்ந்துகொண்டிருந்த அடைக்கலம் இப்போது எல்லாம் பேசுகிறான். நம் டாக்சியை அவன் கார் என்று சொல்வதில்லை. "டக்கு டக்கு" என்கிறான். அதற்கு அப்படித்தான் சத்தம் வருகிறது. டேப்பட் ஸ்பேனர் ஜோடி காணாமல் போனதிலிருந்து அப்பாவால் வால்வைச் சரியாக வைக்க முடியவில்லை.

உங்களுக்குக் கார் ஓட்டத்தான் தெரியும், எஞ்சினைத் தொட அப்பா உங்களை விட்டதில்லை. அதனால் விவரம் எழுதுகிறேன். நம் டாட்ஜ் வண்டியில் வால்வுகள் எஞ்சினின் பக்கவாட்டில், சூடான புகைக்குழாய்க்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருக்கின்றன. அந்தச் சந்தில் இரண்டு ஸ்பேனர்களை ஒன்றின்மேல் ஒன்றாக நுழைக்க வேண்டும். கீழே உள்ளது வால்வைத் தூக்கும் டேப்பட்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும். மேலே உள்ளது அதன் தலையில் இருக்கும் நட்டைத் திருகும். சாதாரண ஸ்பேனர் தடிமன், இரண்டு நுழையாது. காணாமல் போனவை இரண்டு ஓரணாக் காசை அடுக்கிய கனம்தான் இருக்கும். நீளம் ஒரு சாண். அப்பா சாதாரண ஸ்பேனரைச் சாணைக்கல்லில் தேய்த்து மெல்லிசாக்கிப் பார்த்தார். நாலு திருகலில் வாய் விரிந்துவிடுகிறது. அது விரியும்போதெல்லாம் உங்களைத் திட்டுகிறார்.

தை பதினைந்தாம் தேதி அய்யனார் கோவிலில் அடைக்கலத்துக்குக் காது குத்துகிறார்கள். மாசி வந்தால் மூன்று வயது முடிந்துவிடும், இனித் தள்ளிப்போட முடியாது. "மாமன் மடி இல்லாம எப்படிக் குத்துறது?" என்று ஆத்தா கேட்டாள். அப்பா, "அவன் ஒருத்தன்தான் மாமனா? கந்தர்வக்கோட்டை நாகராசும் ஒனக்குத் தம்பி முறைதான? அவன் மடியில உக்கார வைப்போம். ஸ்பேனரக் கொண்டுபோனவன் என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். ஆத்தா அன்றைக்குச் சாப்பிடவில்லை. வேறு ஆள் மடியில் ஒரு தடவை உட்கார வைத்துவிட்டால் அப்புறம் கூடப்பிறந்தவன் வீட்டோடு போக்குவரத்தே இல்லை என்று ஆகிவிடுமாம்.

அதனால் கேட்கிறேன். மதராசில் பழைய சாமான் கடைகளில் தேடி அதே மாதிரி ஒரு ஜோடி அனுப்புவீர்களா? கார் பின்சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவேன். அப்பா கண்டெடுத்தால் இத்தனை நாளும் வண்டிக்குள்ளேயே இருந்தது என்று நினைத்துக்கொள்வார். உங்கள்மேல் உள்ள பழி போய்விடும். அளவு அரை இஞ்சு. அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பதில் வீட்டுக்கு வரக் கூடாது. ரமீஜா, ஹனீபா சைக்கிள் கடை, கீழ ராஜ வீதி என்று எழுதுங்கள். ரமீஜா என் வகுப்புத் தோழி, யாரிடமும் சொல்ல மாட்டாள்.

உங்கள் மருமகள்
அமிர்தவல்லி


மதராஸ்
21-10-1953

அன்பு மருமகள் அமிர்தவல்லிக்கு மாமா எழுதிக்கொள்வது.

அத்தையிடம் காட்டாதீர்கள் என்று எழுதியிருந்தாய். நான் லாரியில் நெல்லூர் போயிருந்தபோது உன் கவரைப் பிரித்து அத்தைதான் முதலில் படித்தாள். அடுப்பில் போடவும் விடமாட்டேன் என்கிறாள். "நம்ம வீட்டுக்கு ரெண்டு வருசத்துல வந்த மொத லெட்டரு" என்று சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். நீ பயப்படாதே, அவள் வாயிலிருந்து வெளியே போகாது.

உன் யோசனையில் அவளுக்கு ஒரு சந்தேகம். "எடுக்காத சாமானை வாங்கிக் குடுத்தா எடுத்ததா ஆயிடாதா? திருட்டுப் பட்டத்துக்கு நீங்களே சீர்வரிசை வைக்கிறீங்களா?" என்று கேட்கிறாள். பொன்னமராவதியில் நம் வண்டி மாதிரியே டாக்சி வைத்திருக்கிறவர் அந்த ஸ்பேனரை விலைக்குக் கேட்டதும் நிஜம், என்னை டிரைவர் வேலைக்குக் கூப்பிட்டதும் நிஜம். நான் கொடுக்கவும் இல்லை, போகவும் இல்லை. மச்சான் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். "ஸ்பேனரக் கொண்டாந்து வச்சுட்டு உள்ள வா" என்றார். வைக்க என்னிடம் என்ன இருக்கிறது? அதனால்தான் வரவில்லை. அக்காவிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறினேன்.

இருந்தாலும் அடைக்கலம் இன்னொருத்தன் மடியில் உட்காருவதை நினைத்தால் கியர் மாற்ற மறந்துவிடுகிறேன். அதனால் தேடினேன். லாரி ஷெட்டு மேஸ்திரி, "அதெல்லாம் பழைய பக்க வால்வு வண்டிக்கு உள்ளதுப்பா. இப்ப வர்ற எஞ்சினுக்கு வால்வு தலைமேல, எந்த ஸ்பேனரும் நுழையும். அத எவன் வச்சிருப்பான்?" என்றார். மூர் மார்க்கெட்டில் மிலிட்டரிக் கழிவுச் சாமான்களைச் சாக்கில் குவித்து விற்கிறார்கள். மூன்று ஞாயிறு போக வேண்டியிருக்கும் என்று நினைத்தேன், முதல் ஞாயிறே கிடைத்துவிட்டது. இரண்டும் மெல்லிசு. இரண்டிலும் 1/2 என்று பொறித்திருக்கிறது. தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நீ எழுது. அவளைக் கேட்டு எழுதாதே, பார்த்து எழுது.

உன் மாமா
சோ. சோலையப்பன்


புதுக்கோட்டை
2-11-1953

அன்புள்ள மாமாவுக்கு,

பார்சல் வந்தது. நன்றி சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது சேரவில்லை. அதன் வாய்க்குள் என் இரண்டு கட்டைவிரலும் போகிறது.

தப்பு என்னுடையது. ரமீஜாவின் அத்தா ஹனீபா பாய் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது இங்கிலீஷ்காரன் கணக்கு, அமிர்தம். அவன் அரைன்னு போட்டா போல்ட்டோட தண்டு அரை இஞ்சு. அதுமேல இருக்கற நட்டு அதைவிடப் பெருசாத்தான இருக்கும்? அமெரிக்காக்காரன் அரைன்னு போட்டா ஸ்பேனர் வாயே அரை இஞ்சு. ஒங்கப்பா வண்டி எந்த ஊரு?" என்றார். நம் வண்டி அமெரிக்கா. நம்பரைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன், எந்த ஊர் நம்பர் என்று சொல்ல வேண்டும் என்பது தெரியவில்லை. சைக்கிளுக்கு உள்ள மெல்லிசு ஸ்பேனர் ஒன்றை அவரே எடுத்துக் காட்டினார். அதற்கு வாய் பரவாயில்லை, கை குட்டை. புகைக்குழாயைத் தாண்டி எட்டாது.

இனி நம்பர் வேண்டாம் மாமா. நேற்று அப்பா எஞ்சினின் பக்கத்து மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் ரசத்துக்கு வருவதற்குள் என் ஜியாமெட்ரிப் பெட்டியில் இருக்கும் இரண்டு முள் கவராயத்தை எடுத்துப்போய் அந்த நட்டின் இரண்டு பக்கமும் அணைத்து வைத்து அளந்தேன். முன்னங்கை புகைக்குழாயில் பட்டுவிட்டது. கவராயத்தை அசைக்காமல் பாவாடை மடியில் வைத்துக் கொண்டுவந்து, இந்தத் தாளில் குத்தியிருக்கிறேன். இந்த வரிக்குக் கீழே இரண்டு துளை தெரியும். ஸ்பேனர் வாய் சரியாக அந்தத் துளையிலிருந்து இந்தத் துளை வரை இருக்க வேண்டும்.

.                         .

கையில் என்ன என்று ஆத்தா கேட்டாள். சோறு வடிக்கும்போது பட்டது என்றேன். "நீ என்னைக்குடி சோறு வடிச்ச?" என்றாள். அப்புறம் எண்ணெய் தடவிவிட்டாள்.

ஆத்தாவைப் பார்த்து எழுதச் சொன்னீர்கள். குடத்தை இடது இடுப்பில் வைப்பதில்லை. உங்கள் கார்டு இருந்த சேலையை நேற்று வெயிலில் உலர்த்தினாள். மறுபடி மடிக்கும்போது அந்தக் கார்டை முதலில் வைத்துத்தான் மடித்தாள்.

உங்கள் மருமகள்
அமிர்தவல்லி


மதராஸ்
15-11-1953

அன்பு மருமகளுக்கு,

கை ஆறிவிட்டதா? இனி சூடான எஞ்சின் பக்கம் போகாதே. அத்தை தேங்காய் எண்ணெயில் சுண்ணாம்புத் தெளிவைக் குழைத்துப் போடச் சொல்கிறாள்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூர் மார்க்கெட்டில் கடை கடையாக நின்றேன். ஸ்பேனரை எடுக்க வேண்டியது, தாளை விரிக்க வேண்டியது, இரண்டு துளைக்கும் மேல் வைத்துப் பார்க்க வேண்டியது. ஒரு கடைக்காரன், "இன்னா நைனா, லெட்டரப் பாத்துகினு ஸ்பேனர் வாங்கற ஆள இப்பத்தான் பாக்கறேன். வூட்ல எய்தி குடுத்தாங்களா?" என்றான். "மருமக எழுதினது" என்றேன். அப்புறம் அவனே குனிந்து சாக்கைக் கிளறினான். ஒன்று கிடைத்தது அமிர்தம். துளைக்குத் துளை சரியாக உட்கார்ந்தது. ஆனால் ஒன்றுதான். இன்னொன்று பெரம்பூர்ப் பக்கம் ஒரு கிழட்டு மெக்கானிக்கிடம் இருக்கும் என்றிருக்கிறான். ஜோடி சேர்ந்ததும் அனுப்புகிறேன்.

தேடிக்கொண்டே யோசித்தேன். நான் எடுக்கவில்லை என்றால் யார் எடுத்தது? இரண்டு வருஷமாக இதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன், நீ எழுதியதும் கிளம்பிவிட்டது. அந்த நாட்களில் கார் ஷெட்டுப் பக்கம் வந்துபோனவள் வரட்டி தட்ட வரும் காத்தாயி ஒருத்திதான். சாணி தட்டுகிற சுவர் ஷெட்டை ஒட்டித்தானே இருக்கிறது. பழைய இரும்புக்காரனிடம் போட்டிருப்பாள். அக்காவுக்கு நேராகவே எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். காது குத்துக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் கேட்கட்டும். எனக்கு ஒரு நாளில் கிடைத்த பட்டம் அவளுக்கும் தெரியட்டும்.

நீ என்ன நினைக்கிறாய்? ஞாபகம் இருப்பதை எழுது.

உன் மாமா
சோலையப்பன்


புதுக்கோட்டை
20-11-1953

மாமா,

ஆத்தாவுக்கு எழுதிவிடாதீர்கள். எழுதியிருந்தால் தந்தி கொடுத்தாவது நிறுத்துங்கள். காத்தாயி எடுக்கவில்லை. நான்தான்.

இதைச் சொல்லாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் உங்களுக்கு எழுதினேன். இப்போது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி.

அன்று ஆத்தா சந்தைக்குப் போயிருந்தாள். நான் தண்ணீர் இறைக்கும்போது பித்தளைச் செம்பு கை நழுவிக் கிணற்றில் விழுந்தது. ஆத்தாவின் கல்யாணச் செம்பு. எடுத்துவிடலாம் என்றால் கொக்கிகள் உள்ள பாதாளக் கரண்டி மேல வீட்டில் இருக்கிறது. அதை வாங்கப் போனால் நம் வீட்டுப் பாத்திரம் ஒன்றை ஈடாக வைத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும், அது உங்களுக்குத் தெரியும். பாத்திரம் எடுத்துக்கொண்டு போனால் தெரு முழுக்கப் பார்க்கும். ஆத்தா திரும்பி வரும்போது வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்.

அதனால் ஷெட்டுக்குப் போனேன். எண்ணெய்த் துணியில் சுற்றி அந்த ஜோடி இருந்தது. இரண்டையும் குறுக்காக வைத்துக் கட்டினால் நாலு பக்கமும் கொக்கி மாதிரி வாய் இருக்கும் என்று தோன்றியது. தாம்புக் கயிற்றில் கட்டி இறக்கினேன். செம்பின் கழுத்தில் மாட்டிக்கூட விட்டது மாமா. பாதி தூரம் வந்தது. அதில் எண்ணெய் இருந்ததால் முடிச்சு வழுக்கிவிட்டது.

மறுநாள் ஆத்தா செம்பைத் தேடினாள். கிணற்றில் எட்டிப் பார்த்தாள். நீங்கள்தான் முங்கி எடுத்தீர்கள். ஸ்பேனரும் உங்கள் கையோடு வர வேண்டும் என்று கிணற்றடியில் நின்று வேண்டிக்கொண்டேன். செம்பு மட்டும் வந்தது. அதற்கப்புறம் இரண்டு நாள் கழித்து அப்பா ஷெட்டில் தேடினார். நீங்கள் வாசலில் நின்று பேசினீர்கள். நான் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன். அப்பா சொன்னது எல்லாம் கேட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு நீங்கள் இல்லை.

காத்தாயி வெள்ளிக்கிழமை தோறும் எனக்குத் தலைக்கு டிசம்பர்ப் பூ கொண்டுவருகிறாள். இன்றும் கொண்டுவந்தாள். வாங்க முடியவில்லை.

அமிர்தவல்லி


புதுக்கோட்டை
18-12-1953

மாமாவுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தினமும் ரமீஜா இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே வகுப்புக்குள் வருகிறாள். அது எனக்கு வேண்டியதுதான். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

நாகராசு மாமா வந்து வேட்டி சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். அடைக்கலம் அவரிடம் போகாமல் அழுதான். போகப் போகப் பழகிவிடும் என்று அப்பா சொன்னார். ஆத்தா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். வண்டி முன்னைவிட மோசம். திருமயம் மேட்டில் நின்றுவிட்டதாம். ஏறி இருந்தவர்கள் இறங்கித் தள்ளினார்களாம்.

காத்தாயியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்பது ஆத்தா முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. அதற்கு நன்றி.

அமிர்தவல்லி


மதராஸ்
4-1-1954

அன்பு மருமகள் அமிர்தவல்லிக்கு,

கோபம்தான். இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். உன் கடிதத்தைப் படித்த அன்று அத்தையிடம் சண்டை போட்டேன், அவள் ஒன்றும் செய்யவில்லை. "அந்தப் புள்ளைக்கு அப்ப பதினோரு வயசு" என்றாள். "எனக்கு முப்பது வயசு, நான் தெருவுல நின்னேன்" என்றேன். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். இப்படியே மாதம் போய்விட்டது.

போன வாரம் வேலூரிலிருந்து தனியாகத் திரும்பும்போது ஒன்று ஞாபகம் வந்தது. செம்பு எடுக்க முங்கினேனே, அப்போது காலில் ஏதோ இரும்பு குத்தியது. பழைய வாளி வளையம் என்று நினைத்து மிதித்துச் சேற்றுக்குள் தள்ளிவிட்டு ஏறி வந்தேன். என் ஸ்பேனரை என் காலாலேயே புதைத்திருக்கிறேன், அமிர்தம். ராணிப்பேட்டை தாண்டி லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அதற்கப்புறம் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், பழைய அளவு இல்லை. காத்தாயியைப் பற்றி நான் எழுதினேனே, ஒரு ராத்திரியில் நானும் மச்சானாகிவிட்டேன். அதையும் நினைத்துக்கொண்டேன்.

பெரம்பூர்க் கிழவர் இரண்டாவதைக் கொடுத்துவிட்டார். உன் துளைகளைப் பார்த்து, "இதக் குத்துனது யாரு? கை நடுங்காத புள்ள" என்றார். ஜோடி என்னிடம் இருக்கிறது.

ஆனால் உனக்கு அனுப்பப் போவதில்லை. நீ சீட்டுக்கு அடியில் வைத்தால், பயந்துபோய் ஆள் வைத்துப் போட்டுவிட்டான் என்பார் மச்சான். கிணற்றை இறைத்துப் பழையதை எடுத்தாலும் நான்தான் போட்டேன் என்பார். இதற்கு வேறு வழி கிடையாது. நீ சொல்ல வேண்டும். உன் வாயால்.

நானும் அத்தையும் தை பதினாலாம் தேதி காலை வந்துவிடுவோம். ஹனீபா பாய் கடையின் பின்கட்டில் இருப்போம், அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். மச்சான் கூப்பிடாமல் உங்கள் தெருவுக்குள் வர மாட்டேன். நீ சொல்ல முடியாமல் போனால் மறுநாள் ரயிலில் திரும்பிவிடுவோம். உன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டேன், அதை நினைத்துப் பயப்படாதே. அடைக்கலத்துக்குக் கடுக்கன் வாங்கியிருக்கிறோம். எப்படியானாலும் அது அவனுக்குத்தான்.

உன் மாமா
சோலையப்பன்


புதுக்கோட்டை
27-1-1954, ராத்திரி

அன்புள்ள மாமாவுக்கு,

இதை விடியற்காலையில் ரமீஜா வாங்கிக்கொண்டு வந்து உங்களிடம் தருவாள். அதற்குள் நீங்கள் ரயிலுக்குக் கிளம்பிவிடக் கூடாது.

சொல்லிவிட்டேன்.

காலையில் சொல்ல முடியவில்லை. நாகராசு மாமா வந்து இறங்கினார், பலகாரம், வாழைத்தார் என்று ஆள் போக்குவரத்தாக இருந்தது. சாயங்காலம் நாளைக்குக் கோவிலுக்குப் போக வேண்டுமே என்று அப்பா வண்டியைத் திறந்துவைத்து, தேய்த்த ஸ்பேனரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். அது மறுபடி வாய் விரிந்துவிட்டது. வழக்கம்போல உங்கள் பெயரை எடுத்தார்.

"அப்பா, ஸ்பேனர மாமா எடுக்கல" என்றேன்.

"ஒனக்கு என்ன தெரியும், உள்ள போ."

"நான்தான் எடுத்தேன். செம்ப எடுக்கறதுக்கு. கெணத்துல விழுந்துருச்சு."

அப்பா எஞ்சினுக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை. "எந்தச் செம்பு?"

"மாமா முங்கி எடுத்தாகளே, அந்தச் செம்பு."

அப்பா தலையை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தினார். பழந்துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "ரெண்டு வருசமா நான் அவனப் பேசுனதையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா?" என்றார். ஆமாம் என்றேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. அடித்தது ஆத்தாதான். எப்போது பின்னால் வந்து நின்றாளோ, முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் அதே இடத்தில் கையை வைத்தபடியே நின்றாள்.

நாகராசு மாமா வெளியே வந்து, "அப்ப என் மடி வேணாமா மச்சான்? பட்டு வேட்டிய வேற எரவல் வாங்கியாந்துட்டேன்" என்றார்.

"சோலையப்பன் இப்ப எங்க?" என்று அப்பா கேட்டார். நீங்கள் கேட்டுக்கொள்ளாவிட்டாலும் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதங்களையும் எடுத்துக் கொடுத்தேன். அப்பா படிக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கை கழுவாமல், சட்டையை மாற்றாமல், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த டக்கு டக்கு தெருமுனை திரும்பும் வரை கேட்டது.

அப்போது மணி ஆறு. இப்போது பத்தாகப் போகிறது. வரவில்லை. உங்களிடம்தான் வந்தாரா, வேறெங்காவது போய்விட்டாரா, தெரியவில்லை. உங்களிடம் வந்திருந்தால் சண்டை போட வந்தாரா? ஆத்தா சோற்றை மூடி வைத்துவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். விளக்கை ஏற்றவா என்றேன், வேண்டாம் என்கிறாள். நாகராசு மாமா மட்டும் தூங்கிவிட்டார், குறட்டை கேட்கிறது. அடைக்கலம் நாளைக்கு மொட்டை போடப் போகும் தலையைத் தடவிக்கொண்டே தூங்குகிறான்.

மாமா, அப்பா உங்களை வந்து பார்க்காமல் போயிருந்தால், நீங்களே வந்துவிடுங்கள். கூப்பிடாமல் வர மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் கூப்பிடுகிறேன். நான் கூப்பிட்டால் ஆகுமா என்று தெரியவில்லை. தப்புச் செய்தவள் நான்தான் என்பதால் கூப்பிட வேண்டியதும் நான்தான் என்று

தெருவில் ஒரு கார் வருகிறது. எழுந்து பார்க்கப் போனேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். நம்முடையது இல்லை. நம் வண்டி என்றால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும், அடைக்கலம் தூக்கத்தில் புரளுவான். இது உலை கொதிக்கிறமாதிரி மெல்ல முணுமுணுத்துக்கொண்டு வருகிறது. மேல வீட்டுக்கு யாரோ விருந்தாளிகள் போல.

மேல வீட்டைத் தாண்டிவிட்டது. நம் வாசலில் நிற்கிறது. ஹார்ன் அடிக்கிறார்கள். ரப்பர் கிழிந்த ஹார்ன் மாமா, பாதி காற்றுத்தான் வருகிறது. இது நம் ஹார்ன். நம் ஹார்ன்தான், சத்தம்தான் இல்லை.

கார்க் கதவு சாத்துகிறது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஆத்தா எழுந்துவிட்டாள். யாரோ கதவைத் தட்